வன்னியும் சைக்கிள் பூட்டும்

சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் பூட்டு எங்கே இருக்க வேண்டும்? கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமான வினாவாகத் தோன்றும். சைக்கிளை எங்கே நிறுத்துவது, எதனோடு பிணைப்பது, எந்தப் பூட்டை வாங்குவது என்று ஆலோசனை சொல்வோர் பலர் உளர். பூட்டுக்கு வேலையில்லாத வேளையில் அதை எவ்வாறு வைத்துப் பேணுவது என்பதைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை.

நீண்ட காலம் செய்தித்தாள்களில் பணியாற்றிய எனக்கும் இதைப்பற்றி எண்ணிப் பார்க்கும் தேவை ஏற்பட்டதில்லை. வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாற்றின் ஒரு பகுதி இந்தச் சின்ன வினாவுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை எனக்கு உணர்த்தியவர், போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னர் கிளிநொச்சியில் நான் சந்தித்த ஒரு மூதாட்டி. அவரிடம் அப்போது சைக்கிள் இருக்கவில்லை. பூட்டும் இருக்கவில்லை. ஒரு திறப்பு மட்டும் இருந்தது. அத்திறப்பின் கதைக்கு வருமுன் பூட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழகத்து வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். அவர்கள் சாவி என்று சொல்வதை ஈழத்தில் நாம் திறப்பு என்போம். சாவி என்பது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். போர்த்துக்கேயரின் நேரடி ஆட்சிக்கு நீண்டகாலம் உட்பட்டிருந்த யாழ்ப்பாணத்திலே அச்சொல் நிலைபெறாமல், திறப்பு என்ற நல்ல தமிழ்ச் சொல் வழங்கிவருவது வியப்புக்குரியது. பூட்டுவதற்கும் அதே கருவிதான் பயன்படுகிறது என்றாலும், திறக்கும் செயலையே நம்மவர் அதற்குப் பெயராக்கினர்.

நிற்க. வன்னியில் நான் கண்ட சைக்கிள் பூட்டுகள் பெரும்பாலும் இரு வகையின. ஒன்று வளையப் பூட்டு. இருக்கையின் அடியிலிருந்து பின்சில்லின் அச்சை நோக்கி இறங்கும் இரு குழாய்களிலும் இறுக்கிப் பொருத்தப்பட்ட, குதிரை லாடத்தின் வடிவிலான பூட்டு அது. பக்கத்திலுள்ள பிடியை அழுத்தித் தள்ளினால் உள்ளேயிருக்கும் வளைகம்பி சில்லின் கம்பிகளுக்கிடையே புகுந்து மறுபக்கத்தில் கொளுவிக்கொள்ளும். திறப்பைத் திருப்பியதும் சுருள்வில் ஒன்று அந்த வளைகம்பியைப் பின்னுக்கு இழுத்துவிடும். மற்றையது சங்கிலிப் பூட்டு. பிளாஸ்டிக் உறை போட்ட சங்கிலியையோ கம்பிவடத்தையோ சில்லுக்குள்ளால் செலுத்தி, மரத்தோடோ தூணோடோ சேர்த்துப் பூட்டுவது. சங்கிலியும் ஆமைப்பூட்டும் தனித்தனியாக வைத்திருந்தவர்களும் உண்டு.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முக்கிய வேறுபாடு, பூட்டாத நேரத்தில் அவை இருக்கும் நிலையிலே தெரியும். வளையப் பூட்டுக்குத் தனியாக இடம் தேட வேண்டியதில்லை. அது சைக்கிளின் உடம்போடு ஒட்டிப் பிறந்தது போன்றது. சங்கிலிப் பூட்டுக்கு ஓர் இடம் வேண்டும். அதைக் கைபிடியிலே தொங்கவிடுவோர் பலர். அது பிழையான வழக்கம். பள்ளத்தில் விழுந்தெழும்போது சங்கிலி ஆடி முன்சில்லின் கம்பிகளுக்குள் அகப்பட்டால் ஓட்டுபவர் தலைகுப்புற விழ நேரும். இருக்கைக்குக் கீழேயுள்ள குழாயில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அதனோடேயே பூட்டிவிடுவதுதான் சரியான முறை.

வளையப் பூட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. இவ்வகைப் பூட்டுகளிற் பெரும்பாலானவற்றில், பூட்டு திறந்திருக்கும்போது திறப்பை வெளியே எடுக்க முடியாது. சைக்கிள் ஓடும் நேரமெல்லாம் திறப்பு பூட்டுக்குள்ளேயே இருக்கும். வளைகம்பி மறுபக்கத்தில் கொளுவிய பின்னர்தான் திறப்பு கைக்கு வரும். பூட்டாமல் திறப்பை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகும் மறதிக்கு இடமில்லாதபடி செய்யப்பட்ட ஏற்பாடு இது. வாசகர்கள் இந்த நுட்பத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். மூதாட்டியின் திறப்பு எதைச் சொல்கிறது என்பது இதைக் கொண்டே விளங்கும்.

வன்னியில் சைக்கிள் பெற்ற இடத்தைப் புரிந்துகொள்ள, அந்நிலத்தின் தூரங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போல வேலியோடு வேலி ஒட்டிய ஊர்கள் அல்ல அவை. குளமும் வயலும் காடும் இடையிட்டு, ஒரு குடியிருப்புக்கும் அடுத்ததற்கும் பல மைல் இடைவெளி. ஏ9 வீதி வடக்குத் தெற்காக ஓடுகிறது. பரந்தனிலிருந்து ஏ35 வீதியும், மாங்குளத்திலிருந்து ஏ34 வீதியும் கிழக்கே முல்லைத்தீவை நோக்கிச் செல்கின்றன. இவற்றிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் பாதைகளில் பேருந்தை எதிர்பார்த்து நிற்பவர்களைவிடச் சைக்கிளில் போகிறவர்களே எப்போதும் அதிகம்.

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் வெடித்ததன் பின்னர், வடக்குக்கான பொருளாதாரத் தடை நடைமுறைக்கு வந்தது. எரிபொருள் கிடைப்பது அரிதாயிற்று. மோட்டார் சைக்கிள்களைச் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயும் விலையேறியபோது சைக்கிள் ஒன்றே மிஞ்சியது. மின்கலங்கள் தடை செய்யப்பட்டிருந்தமையால், சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து, அதன் டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். விறகு, நெல்மூட்டை, நோயாளி, பள்ளிப் பிள்ளை, சில வேளைகளில் பிரேதம் வரை சைக்கிளிலேயே போயின. விடுதலைப் புலிகளின் நிர்வாகப் பகுதியில் தனித்தமிழ்ச் சொற்கள் புழக்கத்துக்கு வந்தபோது சைக்கிள் ஈருருளி ஆயிற்று. மோட்டார் சைக்கிள் உந்துருளி ஆயிற்று. பூட்டுக்கும் திறப்புக்கும் புதுப்பெயர் தேவைப்படவில்லை.

அக்காலத்தில் வன்னியில் சைக்கிளைப் பூட்டாமலே விட்டுச் செல்லலாம் என்று நினைவுகூர்வோரை இன்றும் உலகெங்கும் காணலாம். 1991 இல் தொடங்கப்பட்ட தமிழீழக் காவல்துறையின் கண்டிப்பு அதற்குக் காரணமென்பார்கள். தண்டனை பற்றிய அச்சமும் அந்த ஒழுங்கில் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் சைக்கிள்களிற் பூட்டுகள் இருந்தன. மக்கள் அவற்றைப் பூட்டவும் செய்தார்கள். திருட்டு மாத்திரம் அதற்குக் காரணமன்று. வைகாசி விசாகத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் சென்றவர்களுக்கு இது தெரியும். ஒரே நிறம், ஒரே அமைப்பு, ஒரே புழுதி படிந்த நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், பிறருடையதைத் தன்னுடையதென்று எண்ணி எடுத்துச் சென்றுவிடுவது எளிது. பூட்டியிருந்தால், தன் திறப்பு அதற்குப் பொருந்தாதபோதே பிழை தெரிந்துவிடும். களவைத் தடுப்பதைவிட உரியவர் யாரென்று காட்டுவதே அங்கே பூட்டின் பெரிய பணியாக இருந்தது எனலாம்.

சைக்கிளில் சுமை ஏறியபோது பூட்டுக்கு இடைஞ்சல் வந்தது. வளையப் பூட்டு கரியருக்கு முன்னே, இருக்கைக்குப் பின்னே இருக்கிறது. கரியரில் விறகோ மூட்டையோ உயரக் கட்டினால் பூட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் திறப்பில் அது இடிக்கும். திறப்பு வளையும், சில வேளை முறிந்து பாதி உள்ளே தங்கிவிடும். அதைவிட ஆபத்தானது, பூட்டின் பிடி அழுத்தப்பட்டு ஓட்டத்திலேயே வளைகம்பி சில்லுக்குள் இறங்கிவிடுவது. அவ்வாறு இறங்கினால் சில்லின் கம்பிகள் முறியும். சுமை தூக்கும் சைக்கிளுக்கு வளையப் பூட்டை விடச் சங்கிலிப் பூட்டே உகந்தது என்பதற்கு இதுவே காரணம். வளையப் பூட்டுத்தான் உண்டென்றால், பிடிக்குக் கீழே ஒரு துணிச்சுருளைச் செருகிக் கட்டிவிட வேண்டும்.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்ததும், அடுத்த ஆண்டில் அவர்களிற் பெருந்தொகையானோர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்ததும் வாசகர்கள் அறிந்த வரலாறு. அவர்களிற் பலர் சைக்கிள்களையும் படகேற்றிக் கொண்டு வந்தார்கள். வீட்டைப் பூட்டிய திறப்பும் சைக்கிள் திறப்பும் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டிருந்தன. 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானது. 1997 மே 13 இல் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கை ஏ9 வீதியின் இருமருங்கிலும் இருந்த ஊர்களைக் காலியாக்கியது. ஒவ்வொரு இடப்பெயர்விலும் திறப்புகள் கூடின. அவற்றுக்குரிய கதவுகள் குறைந்தன. சைக்கிள் திறப்பு மட்டும் அந்த வளையத்தில் பயனுள்ள திறப்பாக எஞ்சியிருந்தது. ஓடிய இடமெல்லாம் கூடவே வந்த உடைமை அதுவன்றோ!

2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. ஓமந்தையும் முகமாலையும் எல்லைகளைப் போலாயின. ஆயினும் பொருள்கள் வந்தன. புதிய சைக்கிள்களும் புதிய பூட்டுகளும் வந்தன. நான்கு ஆண்டுகள் கழிந்து, 2006 ஓகஸ்ட் 11 இல் முகமாலையில் சண்டை மூண்டு வீதி மீண்டும் மூடப்பட்டது. 2008 இல் மடுவிலிருந்தும் மல்லாவியிலிருந்தும் கிழக்கு நோக்கிய பெயர்ச்சி தொடங்கியது. 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி வீழ்ந்தது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஏ35 வீதி வழியே நகர்ந்த மக்கள் இறுதியில் மாத்தளன், அம்பலவன்பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்ற ஒடுங்கிய கடற்கரைத் துண்டுக்குள் அடைக்கப்பட்டனர். கூரைத்தகடும் சமையற் பாத்திரமும் முதியவர்களும் சைக்கிள்களில் வந்தனர். மிதிக்க இடமில்லாத நெரிசலில் அவற்றைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

2009 ஏப்ரல் 20 அன்று மாத்தளன் பகுதியில் இராணுவம் மண்ணணையை உடைத்து உட்புகுந்தது. அன்றும் அடுத்த நாள்களிலும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியேறினர். நான் சொன்ன மூதாட்டி அவர்களுள் ஒருவர். அம்பலவன்பொக்கணையில் தம் பதுங்குகுழிக்கு அருகே சைக்கிளை நிறுத்திவிட்டுப் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். அவருடைய திறப்பு ஒரு சிவப்பு நூலில் கட்டப்பட்டிருந்தது. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்த காலமெல்லாம் அது அவருடைய சேலைத் தலைப்பின் முடிச்சிலே இருந்ததாம்.

“அந்த நேரத்திலும் பூட்டினீர்களா அம்மா?” என்று கேட்டேன்.

“பூட்டாமல் எப்பிடித் தம்பி விட்டிட்டு வாறது? என்ர மூத்தவன் வேண்டித் தந்த சைக்கிள். ஆரும் மாறி எடுத்துக்கொண்டு போயிட்டால்?” என்றார்.

நான் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. திறப்பை வாங்கிப் பார்த்தேன். வளையப் பூட்டின் திறப்பு. அவர் பூட்டாமல் வந்திருந்தால் அது அவர் கையில் இருந்திருக்காது. பூட்டிலேயே செருகியபடி சைக்கிளோடு அந்தக் கரையில் கிடந்திருக்கும். குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வேளையில் ஒருவர் குனிந்து, பிடியை அழுத்தி, வளைகம்பி கொளுவிய ஓசையைக் கேட்டு, திறப்பை உருவி எடுத்திருக்கிறார். அவர் திரும்பி வர எண்ணியிருந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. வன்னியிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் தகரப் பேணிகளிலும் அலுமாரி மூலைகளிலும் இத்தகைய திறப்புகள் இன்னும் கிடக்கக்கூடும். வளையப் பூட்டின் திறப்பாயின், அவை ஒவ்வொன்றுக்கும் எங்கோ பூட்டப்பட்ட ஒரு சைக்கிள் இருந்திருக்கிறது.

போர் முடிந்த பின்னர் முள்ளிவாய்க்கால் பக்கம் சென்றவர்கள், கைவிடப்பட்ட வாகனங்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் துருவேறிக் குவிந்து கிடந்ததைக் கண்டிருக்கிறார்கள். அந்தக் குவியலில் ஒருவர் தம் சைக்கிளை அடையாளம் கண்டாலும் அது தமதென்று எவ்வாறு நிறுவுவது? உள்ளூராட்சி சபைகள் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு சிறு தகடு கொடுத்த காலம் ஒன்று உண்டு. போர்க்காலத்தில் வாங்கிய சைக்கிளுக்குத் தகடும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. திறப்பு ஒன்றே உறுதிப்பத்திரம். மீளக்குடியமர்ந்தோருக்காக இந்திய அரசு 10,000 சைக்கிள்களை அன்பளிப்பாக வழங்கியது. அது பேருதவி. எனினும் இழந்ததற்குக் கணக்கு எழுதப்பட்டதாக அதைக் கொள்ள முடியாது.

உலகின் வேறிடங்களிலும் இத்தகைய இழப்பு நிகழ்ந்திருக்கிறது. 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் புகுந்த ஜப்பானியப் படையினர் சைக்கிள்களில் விரைந்து முன்னேறி, 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரைப் பிடித்தார்கள். அந்தச் சைக்கிள்களிற் பல அவ்வூர் மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. நெதர்லாந்தை ஆக்கிரமித்திருந்த ஜேர்மனியர் 1942 இலும் பின்னர் 1944 இலும் டச்சு மக்களின் சைக்கிள்களைப் பறிமுதல் செய்தனர். போர் முடிந்து பல பத்தாண்டுகளின் பின்னரும், ஜேர்மனியுடனான உதைபந்தாட்டப் போட்டிகளின்போது, எங்கள் சைக்கிளைத் திருப்பித் தா என்ற கூச்சல் டச்சு இரசிகர்களிடமிருந்து எழுவதுண்டு. அதே நாட்டில் இன்றும் வளையப் பூட்டுத்தான் எங்கும் காணப்படுகிறது என்பது பொருத்தமான தற்செயல். சைக்கிள் இழப்பைச் சிறிய இழப்பென்று அந்த மக்கள் மறந்துவிடவில்லை. நம்மிடம் அந்த நினைவு பொதுவெளிக்கு வரவில்லை. வீடு, காணி, நகை என்று இழப்புப் பட்டியல் எழுதும்போது சைக்கிளைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். உயிர்களை இழந்தவர்கள் சைக்கிளைப் பற்றிப் பேசுவதா என்ற தயக்கம் அது. அத்தயக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இழப்பீட்டுக்கென ஓர் அலுவலகம் உருவாக்கப்பட்ட நாட்டில், எளியவர்களின் உடைமை எதுவென்பதை எளியவர்களே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். வன்னியின் காற்றும் மண்ணும் பூட்டுக்கு நட்பானவை அல்ல. கோடையில் செம்புழுதி; வடகீழ்ப் பருவத்தில், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, அடைமழை; முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று. பூட்டைப் பாவிக்காத நாள்களில் அதைத் திறந்த நிலையில் வைப்பதே நன்று. வளையப் பூட்டின் சுருள்வில் அப்போதுதான் இழுபடாமல் ஓய்வாக இருக்கும். கழற்றி வைப்பதானால் திறப்புத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி, நீர் தங்காத இடத்தில் தொங்கவிடுங்கள். பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுத் துருப்பிடிக்கும். உலர்ந்த துணியே போதும். தேங்காய் எண்ணெய் விடுவது நம்மவரின் பழைய வழக்கம். அது நாளடைவில் பிசினாகிப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மெசின் எண்ணெய் இரண்டு துளி விடலாம். அதுவும் இல்லையாயின், பென்சிற் கரியைத் திறப்பின் மேல் நன்றாகத் தேய்த்துத் துளைக்குள் விட்டுப் பலமுறை திருப்பினால் பூட்டு இலகுவாகும். துருவை இளக்க மண்ணெண்ணெய் உதவும். ஆனால் அது உலர்ந்தபின் உலோகம் வறண்டு நிற்குமாதலால் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கட்டாயம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று செய்யுங்கள். பூட்டோடு வரும் இரு திறப்புகளில் ஒன்றைச் சைக்கிளிலிருந்து வேறான இடத்தில் வையுங்கள். திறப்பில் இலக்கம் பொறித்திருந்தால் அதையும், சைக்கிள் சட்டத்தில் பொறித்துள்ள இலக்கத்தையும், வாங்கிய ஆண்டையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வீட்டில் உரிய சைக்கிளற்ற பழைய திறப்பு கிடந்தால் அதையும் எறிந்துவிடாதீர்கள். எந்த ஊரில், எந்த ஆண்டில், எதைப் பூட்டிவிட்டு வந்தது என்று ஒரு கடுதாசியில் எழுதி அதனோடு கட்டிவிடுங்கள். அடுத்த தலைமுறைக்கு அது என்ன இரும்புத்துண்டு என்றே தெரியாமற் போய்விடும்.

அந்த மூதாட்டியிடம் விடைபெறும்போது, நானே ஒரு தாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். இடம் அம்பலவன்பொக்கணை. மாதம் ஏப்ரல், ஆண்டு 2009. நிறம் கறுப்பு. வாங்கித் தந்தவர் மூத்த மகன். அவர் அதை இருமுறை படித்துப் பார்த்தார். பின்னர் நாலாக மடித்து, சிவப்பு நூலால் திறப்போடு சேர்த்துக் கட்டி வைத்துக்கொண்டார்.